சாம்பார் கொதிக்குது... ஓவர்!

'வாக்கி-டாக்கி' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? டிராஃபிக் போலீஸ்காரர், ரயில்வே கார்டு, பெரிய கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் செக்யூரிட்டி - இவர்கள்தானே? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் காயவைத்த வடகத் தட்டும் மறு கையில் வாக்கி-டாக்கியுமாக மொட்டை மாடியில் நிற்கிற குடும்பத் தலைவி நிச்சயமாக ஞாபகத்துக்கு வரமாட்டாள். எங்கள் தெருவிலும் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. "அந்த வீட்டு அக்கா போலீசுக்குத் துப்பு சொல்லுதாம்" என்றுகூடக் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. பட்டுக்கோட்டையில் இந்த மாதிரி செய்தி பரவ வயர்லெஸ்ஸே தேவையில்லை!

என் கையில் இருப்பது 'அமெச்சூர் ரேடியோ' செட். சுருக்கமாக 'ஹாம்' என்பார்கள். சம்பளத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ இல்லாமல், ஆசைக்காக மட்டும் ஆகாயத்தில் பேசுகிறவர்களுடைய கூட்டம். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவர்கள்தான் பேசலாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். ராஜீவ் காந்தி ஒரு ஹாம். சோனியா காந்தியும் லைசென்ஸ் வாங்கியவர்தான். சுனிதா வில்லியம்ஸும் ஹாம்தான்.

இந்த ஆசை முதலில் என் மகனுக்குத்தான் வந்தது. அவன் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்குப் பெரியவர் ஒருவர் வந்து செட்டை இயக்கிக் காட்டினார். தந்தி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். (நம் நாட்டில் தந்தி சேவையே 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. 'தந்தி' என்றாலே அழுத வீடுகளை நம் அம்மாக்கள் அறிவார்கள்.) அன்றிலிருந்து பையன் தினமும் சாயங்காலம் அவர் வீட்டில்தான். இருட்டினபின் கூட்டிவரப் போகும் நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவர், "சும்மாதானேம்மா உட்கார்ந்திருக்கீங்க, உள்ளே வந்து நீங்களும் படிங்களேன்" என்றார்.

நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது. மின்னழுத்தம், மின்தடை என்று ஒரு காலத்தில் படித்ததை 'வோல்டேஜ்', 'ரெசிஸ்டன்ஸ்' என்று புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. எனக்கு வந்த கேள்வித்தாள் இங்கிலீஷில்தான். தோசை வார்த்தபடியே பையன் கேள்வி கேட்பான். நான் பதில் சொல்வேன். சில நாள் நான் கேட்பேன்; அவன் விழிப்பான். இரண்டு பகுதி - ஒன்று ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது, மற்றது சட்ட திட்டங்கள். அந்த இரண்டாவது பகுதியில் என் மகனைவிட நான் கூடுதல் மார்க். சட்டதிட்டம் என்றால் மாமியார் வீட்டுக்கு வந்த பெண்ணுக்குச் சொல்லியா தரவேண்டும்?

2016-ல் இரண்டு பேருக்கும் லைசென்ஸ் வந்தது. கூடவே ஆளுக்கொரு 'கால் சைன்'. அதாவது அழைப்புக் குறி. நம் இந்திய ஹாம்களுக்கு அது 'வி.யு.' என்று ஆரம்பிக்கும். எங்களைப் போல முதல் படி தேறியவர்களுக்கு 'வி.யு.3', அதன் பின் மூன்று எழுத்து. மார்ஸ் தந்தி முறையும் கற்றுப் பெரிய பரீட்சை தேறினால் 'வி.யு.2'. உலகத்தில் வேறு எவருக்கும் அதே குறி இருக்காது. எங்கள் வீட்டில் பத்திரம் மாமனார் பெயரில், கேஸ் இணைப்பு இவர் பெயரில். பள்ளிக்கூடத்துக்குப் போனால் நான் இன்னார் அம்மா. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் இன்னார் சம்சாரம். அந்தக் காகிதத்தை அஞ்சறைப் பெட்டிக்கு மேல் தட்டில் வைத்து, அன்றைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அத்தைக்கு - என் மாமியாருக்கு - இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "யாரு எவருன்னு தெரியாத ஆம்பிளைங்களோட பொம்பளை என்ன பேச்சு பேசுறது?" என்றார்கள். நியாயமான கேள்வி. நிறையப் பெண்களுக்கும் இந்தத் தயக்கம் இருக்கும். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

டெலிபோனில் பேசுவது இரண்டு பேருக்குள் நடக்கிற காரியம். ஹாம் ரேடியோ அப்படியில்லை. கிணற்றடிப் பேச்சு மாதிரி. அந்த அலைவரிசையைத் திருப்புகிற யாரும் கேட்கலாம். ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது, அசிங்கமாகப் பேசக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, இதெல்லாம் சட்டம். பேச ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும், நடுநடுவிலும் தன் குறியைச் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்லாமல் பேசுகிறவருக்கு ஒருவரும் பதில் கொடுக்கமாட்டார்கள். செல்போனில் முகம் தெரியாதவர்கள் அனுப்பும் கண்ட கண்ட மெசேஜால் எத்தனை பெண்கள் அவதிப்படுகிறோம்! இத்தனை வருஷத்தில் ஆகாயத்தில் எனக்கு அந்தச் சங்கடம் ஒருநாள் கூட வந்ததில்லை. பத்துப் பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வாலாட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

இதை நான் அத்தையிடம் வாயால் சொல்லவில்லை. சாயங்காலம் வெற்றிலை இடிக்க அவர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் செட்டை வைத்தேன், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து அவர்களாகவே, "அந்தத் தஞ்சாவூர்க்காரருக்கு முட்டிவலின்னாரே, இப்ப எப்படி இருக்காம்? முடக்கத்தான் கீரை ரசம் வச்சுச் சாப்பிடச் சொல்லு" என்றார்கள். சொன்னேன். அவரும் வைத்துச் சாப்பிட்டாராம்!

இதில் பேசுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் முடியாது. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் இருவர் பேச்சும் நாசமாகிவிடும். ஆகையால் ஒருவர் முழுதாகச் சொல்லி 'ஓவர்' என்றால்தான் மற்றவர் ஆரம்பிக்கலாம். பட்டனை அழுத்தினதும் ஒரு நொடி பொறுத்துப் பேசவேண்டும். இல்லாவிட்டால் முதல் எழுத்து வெட்டுப்பட்டுவிடும். எழுத்துகளைத் தெளிவாகச் சொல்ல ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று 26 வார்த்தைகள் உண்டு. பேங்குக்குப் போன் செய்து பெயரைச் சொல்லும்போதுகூட எனக்கு அதுதான் வாயில் வருகிறது. விடைபெறும்போது '73' என்றால் அன்பான வணக்கம். தந்திக்காரர்கள் காலத்து வழக்கம். '88' என்று ஒன்று இருக்கிறது, அது முத்தம். அதை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லவேண்டும்!

இன்னொரு வேடிக்கை. ஹாம் பாஷையில் பெண்களுக்கு 'யங் லேடி' என்று பெயர். எழுபது வயதுப் பாட்டியானாலும் யங் லேடிதான். ஆனால் ஹாம் ஒருவரின் மனைவிக்கு 'எக்ஸ்-யங் லேடி'. முன்னாள் இளம்பெண்! என் வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னபோது, "நான் லைசென்ஸ் எடுக்காததால்தான் நீ இன்னும் இளம்பெண்ணா இருக்கே, ஞாபகம் வச்சுக்க" என்றார்.

செட்டின் சக்தி 5 வாட்தான். நம் வீடுகளில் ராத்திரி எரிந்த பழைய 'ஜீரோ வாட்' குண்டு பல்புகூட இதைப்போல இரண்டு மூன்று மடங்கு கரண்டு தின்னும். இந்த 5 வாட் ஒலி நேர்க்கோட்டில் போகும். வழியில் வீடும் தோப்பும் மறித்தால் நாலைந்து கிலோமீட்டரிலேயே சோர்ந்துவிடும். உயரத்துக்குப் போனால் எங்கேயோ போகும். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒரு ஹாம் செட் இருக்கிறது. அது நம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிஷத்துக்குள் அதன் ஒலியை இந்தக் கைச் செட்டிலேயே கேட்கலாம். நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை, அதனால். ஆனால் பக்கத்து ஊரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் பேசினால் கரகரவென்றுதான் வரும். நடுவில் முழுக்கத் தென்னந்தோப்பு.

இதற்காகவே மாடியில் வைக்க ஒரு ஆன்டெனா செய்தேன். நாங்கள் பேசும் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய அரை மீட்டர் கம்பி போதும். மேலே நோக்கி ஒன்று. அதன் அடியில் நாலு திசைக்கும் சரித்துவிட்டபடி நாலு. உடைந்துபோன குடை ஒன்று பரணில் கிடந்தது. அதன் கம்பிகளை எடுத்து, ரவிக்கை அளவெடுக்கும் டேப்பால் பத்தொன்பதரை அங்குலம் அளந்து வெட்டினேன். ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் கொடுத்தது மகன். குழாய் நுனியில் கட்டி மாடியில் நிறுத்தியதும், அதுவரை இரைச்சலாக வந்த தஞ்சாவூர் பக்கத்துக் குரல் அடுத்த அறையில் இருந்து வருகிறமாதிரி வந்தது. (இடி மின்னல் என்றால் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. அதேபோல, பேசும்போது ஆன்டெனாவைக் கண்ணுக்கும் முகத்துக்கும் ஒட்டிப் பிடிக்கக் கூடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டாம்.)

இந்த இடத்தில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருடைய குறி வி.யு.2 ஆர்.பி.ஐ. ஆண்டு 2004. பல வருஷங்களாக ஹாம் ஒலியே கேட்காத அந்தமானில் இருந்து உலகத்தோடு பேசவேண்டும் என்று அனுமதி வாங்கி, டிசம்பர் மாதம் ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனார். போனது பொழுதுபோக்குக்காக. டிசம்பர் 26 காலையில் பூகம்பம், பின்னாலேயே சுனாமி. டெலிபோன் போயிற்று. அந்தச் சமயத்தில் தீவில் இருந்து வெளியே போன செய்திகளுக்கு இவர்களுடைய செட் பெரிய துணையாக இருந்தது. உறவினர்களைத் தேடித் தவித்தவர்களுக்குச் சேதி சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் தந்தி ஐயா இதைச் சொன்னபோது, ஏதோ புராணக்கதை கேட்பதுபோலக் கேட்டேன். நமக்கெல்லாம் அப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைப்பார்கள்?

2018 நவம்பர் 15 ராத்திரி. கஜா புயல். நள்ளிரவுக்குமேல் வேதாரண்யம் பக்கமாகக் கரை ஏறியது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்த இரவை அனுபவித்தவர்கள் காற்றின் சத்தத்தை மறக்கமாட்டார்கள். விடிந்து மாடிக்குப் போனால், எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம். அதுவரை எங்கள் மாடியில் இருந்து அத்தனை வானத்தைப் பார்த்ததே கிடையாது. தென்னை எல்லாம் படுத்துவிட்டது. கரண்டு கம்பம் விழுந்துவிட்டது. செல்போன் செத்துவிட்டது.

ஒன்பது கிலோமீட்டரில் என் அம்மா. பழைய ஓட்டு வீடு, சர்க்கரை வியாதிக்காரி, தினமும் இன்சுலின். அண்ணனும் அண்ணியும் கூட இருக்கிறார்கள் என்றாலும் மனசு கேட்குமா? ரோடெல்லாம் மரம். பைக் போகாது. இவரும் மகனும் அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தே கிளம்பினார்கள். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. ஒரு செட் அவனிடம், ஒன்று என்னிடம். சார்ஜ் போட வழியில்லை. கேட்பதற்குக் கொஞ்சம் பாட்டரி போதும், பேசத்தான் நிறையச் செலவாகும். அதனால் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் பத்து நிமிஷம் மட்டும் செட்டைத் திறப்பது என்று பேசிவைத்துக்கொண்டோம்.

பதினோரு மணிக்கு வெறும் இரைச்சல். பன்னிரண்டுக்கு யாரோ ஏதோ சொல்கிறமாதிரி இரண்டு துண்டு. நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. அத்தை சோற்றைப் பிசைந்து மேலேயே கொண்டுவந்து தந்தார்கள். ஒரு மணிக்கு வந்தது குரல்.

முதலில் என் குறி. அப்புறம் அவன் குறி. விக்டர், யூனிஃபார்ம், த்ரீ என்று எழுத்து எழுத்தாக. அந்த நேரத்திலும் பிள்ளை முறை தவறவில்லை. "அம்மாச்சி நல்லா இருக்காங்க. திருப்பிச் சொல்றேன், அம்மாச்சி நல்லா இருக்காங்க. வீட்டுல பாதி ஓடு போயிடுச்சு. கொட்டகை விழுந்துடுச்சு. கையில சின்ன சிராய்ப்புதான். இன்சுலின் இருக்கு, கரண்டு இல்லாததால ஃபிரிட்ஜ் இல்லை. என்ன பண்றதுன்னு மாமா கேக்கறாங்க. ஓவர்."

பட்டனை அழுத்தினேன். ஒரு நொடி பொறுத்தேன். அந்த ஒரு நொடிதான் என் அழுகையை நிறுத்தியது என்று நினைக்கிறேன். "பெரிய பானையில ஈர மணல் போட்டு, உள்ளே சின்னச் சட்டியை வச்சு, இன்சுலினைத் தண்ணி படாம பிளாஸ்டிக் பையில கட்டி அதுல வைங்க. மூடியில ஈரத்துணி. மணலை ஈரமாவே வச்சிருங்க. வெயில் படாத இடம். ஓவர்." அவன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான்.

இதைப் பக்கத்து மாடியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள், முன்பு 'போலீசுக்குத் துப்பு' என்று சொன்ன அதே வீட்டுக்காரர்கள்தான். இரண்டு மணிக்குள் எங்கள் மாடிப்படி முழுக்கக் கூட்டம். அந்த ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் எல்லாருக்கும் உறவு இருக்கிறதே! சாதாரண நாளில் மூன்றாம் மனுஷர் சேதியை எடுத்துப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. புயல், வெள்ளம் என்று மற்ற வழிகள் அடைபட்டால் மட்டும் விலக்கு உண்டு. மளிகைக் கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் இருந்து எழுதினேன். பெயர், தெரு, யாருக்கு, என்ன சேதி. ஆளுக்கு ஒரு வரிதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் இவர் வீடு வீடாகப் போய்ப் பதில் வாங்கி வருவார். மகன் சொல்வான், நான் எழுதுவேன், எழுதினதைத் திருப்பிப் படிப்பேன். அவன் 'சரி' என்றால்தான் அடுத்தது. இரைச்சலில் 'பிறந்துவிட்டது' என்பதும் 'இறந்துவிட்டது' என்பதும் ஒன்றுபோலக் கேட்கும், அம்மா! அப்படி ஒரு சேதியும் வந்தது. எங்கள் தெருப்பெண் ஒருத்தி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு நிறைமாதமாக இருந்தாள். மூன்று தடவை கேட்டு உறுதி செய்த பிறகே வாயைத் திறந்தேன்: புயல் ராத்திரியில் பெண் குழந்தை, இருவரும் சுகம். அவளுடைய அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் இப்படி ஓடியது. ஒரு டிராக்டர் பாட்டரியில் இருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டோம். இரண்டாம் நாள் சாயங்காலம் மகன் சொன்னான்: "கவனிச்சீங்களாம்மா, இவ்வளவு தெளிவா இதுக்கு முன்னால கேட்டதே இல்ல." கவனிக்காமல் என்ன? தோப்பு இல்லையே மறைக்க. அப்பா வைத்த தென்னை நாற்பதும் அந்தத் தோப்பில்தான் இருந்தது. அவர் ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் தூக்கி ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "ஆமாம், ஓவர்" என்றேன். இப்போது அண்ணன் வைத்த கன்றுகள் வளர்ந்துவிட்டன. அந்தப் பக்கம் பேசினால் மறுபடி கரகரப்பு ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

புயலுக்குப் பிறகு என்னைப் பார்க்கும் தாய்மார்கள் எல்லாரும் கேட்பது, "நாங்களும் ஒண்ணு வாங்கலாமா?" என்பது. கடையிலோ ஆன்லைனிலோ விற்கிற செட்டை வாங்கி உடனே பேசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பேசுவது குற்றம். அங்கீகாரம் இல்லாத வாக்கி-டாக்கிகளை இஷ்டத்துக்கு விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2025-ல் ஆன்லைன் கடைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் பேசினால் போதும் என்பவர்களுக்கு 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறிய செட்டுகள் உண்டு. அவற்றுக்கு 2018-ல் இருந்து லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற செட்தானா என்று பார்த்து வாங்குங்கள். ஹாம் ஆகவேண்டும் என்றால் பரீட்சைதான் வழி. குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் போதும். மேல் வயதுக்கு வரம்பே கிடையாது. செட் வாங்குவது அப்புறம். முதலில் உங்கள் ஊரில் ஹாம் யாராவது இருந்தால் அவர் வீட்டில் நாலு நாள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். ஆசை நிற்குமா, போய்விடுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

என் மகன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். கைச் செட் அவ்வளவு தூரம் எட்டாது. அவனோடு பேச செல்போன்தான். சாயங்காலத்தில் என்கூட மாடிக்கு வருவது எதிர்வீட்டுப் பெண். ஆல்ஃபாவில் தொடங்கி ஜூலு வரை தலைகீழாகச் சொல்லுவாள். வருகிற தை மாதம் அவளுக்குப் பன்னிரண்டு முடிகிறது. அதற்குள் ஓம் விதியை முடித்துவிடவேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசிவைத்திருக்கிறோம். லைசென்ஸ் கையில் வரும்வரை கேட்க மட்டும்தான், பட்டனில் விரல் வைக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். வைப்பதில்லை. ஆனால் நான் பேசி முடித்ததும், எனக்கு முன்னால் அவள் 'ஓவர்' என்று சொல்லிவிடுகிறாள்.